முளையிலே தெரியுமா?

"விளையும் பயிர் முளையிலே தெரியும்" என்பது நம் முன்னோர் வாக்கு. வீட்டிலும் பள்ளியிலும் இதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். முதற்பரிசு வாங்கியவளைப் பாராட்டும்போதும் இப்பழமொழி வருகிறது. தேர்வில் பின்தங்கியவளைக் கடிந்துகொள்ளும்போதும் இதுவே வருகிறது. ஆனால், இது எல்லாப் பயிருக்கும் பொருந்துமா? இக்கேள்விக்கு விடை தேடி, தோழியரே, நாம் சற்றுத் தொலைவு செல்வோம். அமெரிக்க நாட்டின் பேஸ்பால் திடல் ஒன்றின் கம்பி வேலியோரம் போய் நிற்போம்.

நமக்குக் கிரிக்கெட் எப்படியோ, அமெரிக்கருக்குப் பேஸ்பால் அப்படி. ஒருவர் பந்தை எறிவார், அவர் 'பிட்சர்'. மற்றொருவர் அதை உருண்டை மட்டையால் அடித்துவிட்டு ஓடுவார். நான்கு தளங்களையும் சுற்றி வந்தால் ஓர் ஓட்டம். அடிப்பவருக்குப் பின்னே குந்தி அமர்ந்து, எறியப்படும் பந்தைப் பிடிப்பவர் 'கேட்சர்'. மேஜர் லீக் எனப்படும் உச்சப் போட்டியில் 30 அணிகள் ஆடுகின்றன. ஒவ்வோர் அணிக்கும் கீழே படிப்படியாகச் சிறு லீக் அணிகள் உண்டு. இளைஞர்கள் அப்படிகளில் ஏறித்தான் உச்சிக்குச் செல்லவேண்டும். இந்த அமைப்பை அந்நாட்டார் 'பண்ணை' என்றே அழைக்கிறார்கள். நம் பழமொழியைச் சோதித்துப் பார்க்க இதைவிடப் பொருத்தமான இடம் வேறு ஏது?

பண்ணை என்றால் நாற்றங்கால் வேண்டுமல்லவா? அதுதான் 'இன்ஸ்ட்ரக்ஷனல் லீக்' எனப்படும் பயிற்று லீக். சிறு லீக் பருவம் செப்டம்பரில் முடிந்தபின், அணிகள் தம் இளம் ஆட்டக்காரரில் சிலரை அரிசோனா, ஃபுளோரிடா மாநிலங்களில் உள்ள பயிற்சித் திடல்களுக்கு அழைக்கின்றன. காலையில் பயிற்சி, பின்னர் பக்கத்து அணியின் இளைஞரோடு ஓர் ஆட்டம். இந்த ஆட்டத்துக்கு நுழைவுச் சீட்டு இல்லை; ஆரவாரமும் இல்லை. வெற்றி தோல்வி எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. மூவர் ஆட்டமிழந்தால்தான் ஒரு பக்கத்தின் முறை முடியும் என்பது பேஸ்பாலின் விதி. இங்கோ, பந்தெறிபவர் அன்றைக்கு எறியவேண்டிய அளவை எறிந்துவிட்டால், மூவர் ஆட்டமிழக்கும் முன்பே அந்த முறையை முடித்துக்கொள்ளலாம். ஒருவரின் கை அசைவைத் திருத்துவதற்கும், இன்னொருவரைப் புதிய இடத்தில் நிறுத்திப் பார்ப்பதற்குமே ஆட்டம். ஸ்பானிய மொழி பேசும் நாடுகளிலிருந்து வந்த இளைஞருக்கு ஆங்கில வகுப்பு நடத்தும் அணிகளும் உண்டு.

இந்த ஆட்டங்களையும் விடாமல் பின்தொடரும் ரசிகர்கள் இருக்கிறார்கள்! கையில் குறிப்பேட்டுடன், வெயிலில், வேலியோரம் நின்று, இன்னும் மூன்று நான்கு ஆண்டுகளில் தம் அணிக்கு வரப்போகிறவர் யார் என்று பார்க்கிறார்கள். முளையைப் பார்த்துப் பயிரைச் சொல்ல முயல்கிறவர்கள் இவர்கள். இவர்களுடைய பொறுமையை நாம் போற்றுகிறோம். ஆனால், இவர்களுள் சிலரும், இவர்களைவிட அதிகமாக அணி நிர்வாகங்களும், பார்த்ததைக் கொண்டு உடனே வரிசை எண் போட்டுவிடுகிறார்களே, அதைத்தான் நம்மால் ஒப்புக்கொள்ள இயலவில்லை.

ஏன் என்பதற்கு வரலாறே சான்று. 1965-ஆம் ஆண்டு முதல் மேஜர் லீக் அணிகள் இளம் ஆட்டக்காரரை முறை வைத்துத் தேர்ந்தெடுத்து வருகின்றன. அடுத்த ஆண்டே, 1966-இல், முதல் தேர்வுக்குரிய நியூயார்க் மெட்ஸ் அணி ஸ்டீவ் சில்காட் என்ற இளைஞரைத் தேர்ந்தெடுத்தது. நாடு முழுவதிலும் முதலாவதாகப் பெயர் சொல்லி அழைக்கப்பட்ட அவர், தோள் காயத்தால் தளர்ந்து, மேஜர் லீகில் ஓர் ஆட்டம்கூட ஆடாமலே விளையாட்டை விட்டுப் போனார். அவருக்கு அடுத்து இரண்டாவதாகத் தேர்வானவர் ரெஜி ஜாக்சன். அவர் 563 'ஹோம் ரன்'கள் அடித்து, 1993-இல் பேஸ்பாலின் புகழ்க்கூடத்தில் இடம்பெற்றார்.

இனி, வரிசையின் மறுகோடியைப் பார்ப்போம். 1988-இல் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணி 62-ஆம் சுற்றில், 1,390-ஆவது ஆளாக, மைக் பியாஸா என்ற இளைஞரைத் தேர்ந்தெடுத்தது. அதுவும் திறமையைக் கண்டு அல்ல. அணியின் மேலாளர் டாமி லசோர்டா அவர் தந்தையின் நண்பர் என்பதற்காகச் செய்த உதவி! பியாஸா அதுவரை ஆடிவந்த இடத்தை விட்டுக் கேட்சராக மாறினார். அந்த வேலையைக் கற்றுக்கொள்ள, டொமினிக்கன் குடியரசில் டாட்ஜர்ஸ் அணி நடத்திய பயிற்சிப் பள்ளிக்குச் சென்றார். 1993-இல் தம் லீகின் சிறந்த புதுமுகமாகத் தேர்வுபெற்றார். மொத்தம் 427 ஹோம் ரன்கள் அடித்த அவர், 2016-இல் புகழ்க்கூடத்தில் இடம்பெற்றார். 1988-இல் அவரைக் கண்டு, "இது விளையும் பயிர்" என்று யார் சொல்லியிருப்பார்?

அதே அணியின் கென்லி ஜான்சன் கதை இன்னும் வியப்பூட்டுவது. குராசாவ் தீவிலிருந்து வந்த அவர் 2004-இல் கேட்சராகச் சேர்ந்தார். கை வலியது, மட்டையோ பேசவில்லை. ஐந்து ஆண்டுகளாகச் சிறு லீகிலேயே உழன்றார். 2009-இல் பயிற்சியாளர்கள் அவரைப் பந்தெறியச் சொன்னார்கள். 2010 ஜூலையில் மேஜர் லீகில் பந்தெறிந்தார்! ஆட்டத்தின் இறுதியில் வந்து வெற்றியைக் காப்பாற்றும் பணியை அவர் 400 முறைக்கு மேல் நிறைவேற்றியிருக்கிறார். விதை ஒன்றுதான், அதை ஊன்றிய இடம்தான் தவறாயிருந்தது. மட்டைக் கணக்கை மட்டும் பார்த்து அவரை வீட்டுக்கு அனுப்பியிருந்தால், நட்டம் யாருக்கு?

ஆகவே, பயிற்று ஆட்டத்தைப் பார்க்கப் போகிறவர் கேட்கவேண்டிய கேள்வி, "இவன் எத்தனை அடித்தான்?" என்பதன்று, "நேற்றுச் செய்த தவற்றை இன்று திருத்திக்கொண்டானா?" என்பதே. மூன்று முறை பந்தைத் தவறவிட்டு, நான்காம் முறை காலை சரியாக ஊன்றுகிறவனைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள் என்போம். எண்ணிக்கை இல்லாத இடத்தில் தவறு செய்ய அச்சமில்லை. அச்சமில்லாத இடத்தில்தான் கல்வி நிகழ்கிறது.

பெண்களாகிய நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி ஒன்றும் இங்கே உண்டு. 2015 அக்டோபரில், அரிசோனாவின் மெசா நகரில், அப்போது ஓக்லாந்தில் இருந்த அத்லெட்டிக்ஸ் அணியின் பயிற்று லீகில், ஜஸ்டின் சீகல் என்னும் பெண்மணி இரண்டு வாரம் விருந்தினர் பயிற்சியாளராகப் பணியாற்றினார். மேஜர் லீக் அணி ஒன்று பயிற்சியாளராக அமர்த்திய முதற் பெண் அவரே. பின்னர், 2022-இல், ரேச்சல் பல்கோவெக் என்பவர் நியூயார்க் யாங்கீஸ் அணியின் பண்ணையைச் சேர்ந்த டாம்பா அணிக்கு மேலாளராகி, அத்தகைய முழுப்பருவச் சிறு லீக் அணியை நடத்திய முதற் பெண் ஆனார். மேஜர் லீகின் பெரிய அரங்குகள் பெண்ணுக்குக் கொடுக்கத் தயங்கிய இடத்தை, கணக்கெழுதாத அந்தச் சிறு திடல் முதலில் கொடுத்தது. முயன்று பார்க்க இடம் கொடுத்தால், முளைப்பது இளம் ஆட்டக்காரர் மட்டுமல்லர் என்பதற்கு இது சான்று.

ஆனால், ஒரு குறையைச் சொல்லாமல் இருக்க இயலாது. நாற்றங்காலுக்குத் தண்ணீர் பாய்ச்சாமல் நாற்றை எதிர்பார்க்கலாமா? நெடுங்காலமாக, பயிற்று லீகில் ஆடிய இளைஞருக்கு ஊதியமே கிடையாது. "இது பயிற்சிதானே!" என்பது நிர்வாகங்களின் வாதம். 2014-இல் சிறு லீக் ஆட்டக்காரர்கள் நீதிமன்றம் சென்றார்கள். வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, 2018-இல், அவர்களைக் குறைந்தபட்ச ஊதியப் பாதுகாப்பிலிருந்து பெருமளவு விலக்கும் சட்டம் ஒன்று நிறைவேறியது. எனினும் அவர்கள் சோர்ந்துவிடவில்லை. 2022-இல் 18.5 கோடி டாலருக்கு வழக்குத் தீர்வுக்கு வந்தது. 2023-இல் சிறு லீக் ஆட்டக்காரரின் முதல் கூட்டு ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. பயிற்சித் திடல் நிலையில் உள்ளவரின் ஆண்டு ஊதியம் 4,800 டாலரிலிருந்து 19,800 டாலராக உயர்ந்தது. இது வள்ளன்மை ஆகாது; உழைப்புக்குக் காலம் தாழ்ந்து கிடைத்த நீதி.

இன்னொரு புறம் கதவு குறுகியும் வருகிறது. பியாஸாவின் காலத்தில் 62-ஆம் சுற்று என ஒன்று இருந்தது. 2019 வரை 40 சுற்றுகள் இருந்தன. 2021 முதல் 20 சுற்றுகளே. அதே ஆண்டில், மேஜர் லீகைச் சார்ந்த சிறு லீக் அணிகள் 120 ஆகக் குறைக்கப்பட்டன. நாற்பதுக்கும் மேற்பட்ட அணிகள் அந்தத் தொடர்பை இழந்தன. "எல்லாரையும் வைத்துக் காப்பாற்ற முடியுமா? பெரும்பாலோர் எப்படியும் மேலே வரப்போவதில்லையே!" என்று நிர்வாகங்கள் கேட்கலாம். கேள்வியில் நியாயம் உண்டு. பணமும் திடலும் அளவுடையவைதாம். ஆயினும், வரப்போகிற அந்தச் சிலர் யார் என்பது முன்கூட்டியே தெரியாது என்பதைத்தானே பியாஸாவும் ஜான்சனும் சில்காட்டும் காட்டினார்கள்? தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோல் எண்ணிக்கொண்டு வாயிலைச் சுருக்குவது சிக்கனமாகாது.

மேலே வராத அந்தப் பெரும்பாலோரைப் பற்றியும் ஒரு சொல். நம் நாட்டு உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த ரிங்கு சிங், தினேஷ் படேல் என்ற ஈட்டி எறியும் வாலிபர் இருவர், 2008-இல் நடந்த பந்தெறிப் போட்டியால் அடையாளம் காணப்பட்டு, அவ்வாண்டே பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியில் சேர்ந்தனர். 2009-இல் ஃபுளோரிடாவின் தொடக்கநிலை லீகில் ஆடினர். சில மாதங்களுக்கு முன்வரை பேஸ்பாலைக் கையால் தொட்டறியாதவர்கள் அவர்கள்! படேல் 2010-இல் விடுவிக்கப்பட்டார். ரிங்கு சிங் காயங்களோடு போராடி, பின்னர் மல்யுத்தத் துறைக்குச் சென்றார். இருவரும் மேஜர் லீகை எட்டவில்லை. அதனால் அவர்கள் வியர்வை வீணாயிற்று என்போமா? புதிய மொழி கற்று, புதிய கலை கற்று, அயல்நாட்டுத் திடலில் நின்று பந்தெறிந்தவரைத் தோற்றவர் என்று அழைக்க நமக்கு நா எழவில்லை.

தோழியரே, நம் பழமொழியைப் பொய் என்று தள்ளிவிட நாம் துணியவில்லை. முளையிலே தெரியும் பயிரும் உண்டு. ஆனால், பார்ப்பவர் கண்ணுக்கு அது தெரியாமல் போவதும் உண்டு. தவறான நிலத்தில் நின்று வாடுவதும் உண்டு. காலம் தாழ்த்திக் கதிர் விடுவதும் உண்டு. நல்ல உழவன் முளையைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருப்பதில்லை. நீர் பாய்ச்சுகிறான், களை எடுக்கிறான், இடம் போதாவிட்டால் பிடுங்கி நடுகிறான். அரிசோனாவின் வெயிலில் எந்த ஏட்டிலும் ஏறாத ஆட்டத்தை ஆடிக்கொண்டிருக்கும் அந்த இளைஞருக்கு நாம் வேண்டுவதும் இவ்வளவே: வயிற்றுக்குக் கூலி, தவறு செய்ய இடம், திருந்தக் காலம். இம்மூன்றையும் கொடுத்துவிட்டு அறுவடைநாளில் எண்ணிப் பார்க்கட்டும். அதுவரை வரிசை எண் காத்திருக்கலாம்.