ரிப்பனுக்குக் கோடி, ஹவுஸ் சர்ஜனுக்கு 'உதவி'யா?

ராத்திரி ரெண்டு மணிக்கு கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கீங்களா மக்களே? ரத்தம் எடுக்கறது, கேஸ் ஷீட் எழுதறது, ஆள் இல்லன்னா ஸ்ட்ரெச்சர் தள்றதுன்னு ஒரு சின்னப் பையனோ பொண்ணோ ஓடிட்டே இருக்கும். அதான் ஹவுஸ் சர்ஜன். நாலரை வருஷ எம்.பி.பி.எஸ். முடிச்சப்புறம் ஒரு வருஷம் கட்டாயப் பயிற்சி. புத்தகத்துல படிச்சது கைக்கு வர்றது அந்த வருஷம்தான்.

2022 ஜனவரியில தமிழ்நாட்டுல ஒரே நாள்ல 11 அரசு மருத்துவக் கல்லூரிகளைத் திறந்தாங்க. 1,450 சீட்டு. செலவு சுமார் 4,000 கோடி. அதுல ஏறக்குறைய 2,145 கோடி மத்திய அரசு, மிச்சம் மாநிலம். நல்ல காரியம், குறையே சொல்லலை. ஆனா கட்டிடம் ஒரு தடவை செலவு. சொல்லிக்குடுக்கிற பேராசிரியர் சம்பளமும், வார்டுல நிக்கிற ஹவுஸ் சர்ஜன் பணமும் மாசாமாசம் மாநிலத்தோட தலையில. இதுக்கு ரிப்பனும் கிடையாது, கல்வெட்டும் கிடையாது. அதனால கேட்க ஆளும் கிடையாது.

சின்னக் கணக்கு ஒண்ணு. டெல்லி ராணுவ மருத்துவக் கல்லூரி வழக்குல 2023ல உச்சநீதிமன்றம் மாசம் 25,000 குடுக்கச் சொல்லிச்சு. அதையே 1,450 பேருக்குப் போட்டா வருஷத்துக்கு 43½ கோடி. கட்டிடத்துக்குக் கொட்டினதுல நூத்துல ஒரு பங்கு! இதை வருஷாவருஷம் விலைவாசியோட ஏத்தறதுக்கு புள்ளைங்க ஸ்டெதஸ்கோப்போட தெருவுல உட்காரணுமா?

தனியார் கல்லூரி கதை இன்னும் மோசம். எனக்குத் தெரிஞ்ச பொண்ணு ஒருத்தி, கணக்குல ஏறின பணத்தை அப்படியே எடுத்துக் கல்லூரிக்கே திருப்பிக் கட்டினா. 2021 தேசிய மருத்துவ ஆணைய விதி, பணம் குடுக்கணும்னு சொல்லுது; எவ்வளவுன்னு சொல்லாம அந்தந்த அதிகாரம் உள்ளவங்க கையில விட்டுடுச்சு. அப்ப பிடிச்சுக் கேக்க வேண்டியது யாரு? மாநில அரசுதானே?

"கத்துக்கிறவனுக்கு எதுக்குய்யா சம்பளம்?"னு ஒரு கோஷ்டி வரும். ஒரே ஒரு நாள் ஹவுஸ் சர்ஜன்களை வார்டுல இருந்து எடுத்துப் பாருங்க சாமி, எதுக்குன்னு தெரியும்.

முதல்ல 'உதவித்தொகை'ங்கற பேரை மாத்துங்க. அது உதவி இல்லை, கூலி. பட்ஜெட்ல தனியா ஒதுக்குங்க. தனியார் கல்லூரி குடுத்ததா இல்லையான்னு மாசாமாசம் வெளியிடுங்க. நாளைக்கு நம்ம அம்மாவுக்கு நடுராத்திரியில ஊசி குத்தப் போற கை அது. அந்தக் கை பசியோட நடுங்கக் கூடாது, அவ்ளோதான்.

டிஸ்கி: கணக்குல தப்பு இருந்தா பின்னூட்டத்துல கும்முங்க. நியாயத்துல இருந்தா மட்டும் கொஞ்சம் யோசிச்சுட்டு கும்முங்க.