சங்கங்களுக்கு மானியம்

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கண்டி மாவட்டத்தைப் புரட்டிப் போட்டபோது, பல ஊர்களில் உணவுப் பொதி கட்டியவர்கள் பள்ளிவாசல், விகாரை, கோயில் நிர்வாகத்தினரும் மரண உதவிச் சங்கத்தாரும்தான். கெலிஓயா அடங்கும் உடுநுவரை பிரதேச சபை இவர்களுக்குப் பாதீட்டில் மானியம் ஒதுக்க வேண்டும். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் வறியோர் நிவாரணத்துக்குச் செலவிட இடம் தருகிறது. 2023 மார்ச் முதல் 2025 மே தேர்தல் வரை சபையில் உறுப்பினர்களே இருக்கவில்லை. அந்தச் சாக்கு இனி இல்லை.

தெரிந்த சங்கத்துக்குக் கதிரையும் கூடாரமும் கொடுப்பது மானியம் ஆகாது (கூடாரத் துணியில் கொடுத்தவர் பெயர் வேறு!). விண்ணப்ப அறிவித்தலைத் தமிழிலும் ஒட்டுங்கள். யாருக்கு எவ்வளவு என்பதைச் சபை வாசலில் போடுங்கள். கணக்குக் காட்டாத சங்கத்துக்கு மறுவருடம் ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.