விடியலுக்கு முன் எழாதவர்கள் சோம்பேறிகள் அல்லர்

"பையன் எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறான்?" என்று கேட்டு அவன் குணத்தை எடைபோடும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் அழியவில்லை. நாலரைக்கு எழுந்தால் பொறுப்பானவன், பிழைத்துக்கொள்வான். எட்டு மணிக்கு எழுந்தால் உருப்படமாட்டான். அந்த எட்டு மணிப் பையன் முந்தைய இரவு பத்தரையிலிருந்து ஒன்றரை வரை தலை நிமிராமல் கணக்குப் போட்டிருக்கலாம். அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. இரவில் விழித்திருப்பது கெட்ட பழக்கம், அதிகாலையில் விழித்திருப்பது நல்லொழுக்கம் என்று முதலிலேயே தீர்ப்பு எழுதிவிட்டோம்.

பாட்டி காலத்து அறிவுரையாக இருந்த இது இப்போது தன்னம்பிக்கைப் பேச்சாளர்களின் முதலீடாகவும் ஆகிவிட்டது. 2018இல் ராபின் சர்மா ஐந்து மணிக்கு எழுவதையே தலைப்பாக்கி ஒரு புத்தகம் எழுதினார். அதன்பின் மேடைக்கு மேடை, காணொளிக்குக் காணொளி, வென்றவர்கள் எல்லாரும் ஐந்து மணிக்கு எழுந்தவர்கள் என்றே சொல்லப்படுகிறது. ஐந்து மணிக்கு எழுந்தும் வெல்லாத கோடிக்கணக்கானவர்களைப் பற்றி இவர்கள் பேசுவதே இல்லை. பால்காரரும் பேப்பர் போடுகிறவரும் துப்புரவுப் பணியாளரும் அதற்கு முன்பே எழுகிறார்கள். எழும் நேரம்தான் செல்வத்தைத் தருமென்றால் அவர்கள் இந்நேரம் எங்கோ இருந்திருக்க வேண்டும்.

எல்லா உடலுக்கும் அதிகாலையே உச்ச நேரம் என்ற நம்பிக்கை தவறு. பலருக்கு அது தீங்கும் செய்கிறது. உடல் சொல்வதைக் கேட்டால் இது விளங்கும்.

1729இல் பிரெஞ்சு வானியலாளர் தெ மைரான் ஒரு தொட்டாற்சுருங்கிச் செடியை வெளிச்சம் புகாத இடத்தில் வைத்துப் பார்த்தார். சூரியனே தெரியாத இருட்டிலும் அதன் இலைகள் பகல் நேரத்தில் விரிந்தன, இரவு நேரத்தில் மூடின. நேரத்தைக் காக்கும் ஏதோ ஒன்று செடிக்குள்ளேயே இருக்கிறது என்பதற்கு முதல் தடயம் அதுதான். 1971இல் பழ ஈக்களில் இந்தக் கடிகாரத்தை இயக்கும் மரபணு ஒன்று அடையாளம் காணப்பட்டது. அது வேலை செய்யும் விதத்தைக் கண்டறிந்ததற்காக மூன்று அமெரிக்க ஆய்வாளர்களுக்கு 2017இன் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. இந்த அறிவியல் நமக்கு அந்நியமானதும் அல்ல. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரனும் அவருடைய மாணவர்களும் குகை வௌவால்களின் நாளொழுங்கை ஆராய்ந்தார்கள். மனிதர்களையே வெளிச்சமும் கடிகாரமும் எட்டாத தனியறையில் தங்கவைத்து அவர்கள் எப்போது தூங்குகிறார்கள், எப்போது விழிக்கிறார்கள் என்று பதிவு செய்தார்கள். உலகம் மதிக்கும் இந்த ஆய்வுகள் நடந்த ஊரிலேயே, பிள்ளையின் தூக்கம் பிரம்பால் தீர்க்க வேண்டிய ஒழுக்கக் குறையாகக் கருதப்படுவது எனக்கு வருத்தம் தருகிறது.

மனிதருக்குள் இருக்கும் கடிகாரம் சராசரியாக 24 மணி நேரத்தைவிடச் சற்றே நீளமாக ஓடுகிறது. தினமும் வெளிச்சம்தான் அதைத் திருத்தி வைக்கிறது. ஆனால் எல்லாருடைய கடிகாரமும் ஒரே மணியைக் காட்டுவதில்லை. சிலருக்கு இயல்பாகவே முன்னதாக உறக்கம் வரும், முன்னதாக விழிப்பும் வரும். சிலருக்கு இரண்டும் தாமதம். பெரும்பாலோர் இடையில் இருக்கிறார்கள். ஏறத்தாழ 7 லட்சம் பேரின் மரபணுத் தகவல்களை ஆராய்ந்து 2019இல் வெளியான ஓர் ஆய்வு, அதிகாலை விழிப்போடு தொடர்புடைய 351 மரபணு இடங்களைக் காட்டியது. பழக்கத்தால் ஓரளவு மாற்றலாம், மறுக்கவில்லை. ஆனால் மாற்ற முடிகிற அளவுக்கு ஓர் எல்லை உண்டு.

உடலின் வெப்பம் ஒரு நாளைக்குள் ஏறி இறங்குகிறது. ஒருவர் வழக்கமாக விழிக்கும் நேரத்துக்குச் சுமார் இரண்டு மணி நேரம் முன்பு அது மிகக் கீழே இருக்கும். உடலின் விழிப்புணர்வும் அப்போதுதான் அடிமட்டத்தில் இருக்கும். இயல்பாக ஏழு மணிக்கு விழிக்கும் ஒருவரை ஐந்து மணிக்கு எழுப்பி, கையில் வேதியியல் புத்தகத்தைக் கொடுப்பது அவருடைய நாளிலேயே மந்தமான நேரத்தைத் தேடிப் பிடித்துக் கடினமான வேலையைத் திணிப்பதாகும். "அதிகாலையில் படித்தால்தான் மனதில் பதியும்" என்று அவரிடம் சொல்வது அநியாயம்.

பள்ளிப் பிள்ளைகள் விஷயத்தில்தான் எனக்குக் கோபம் அதிகம். பருவ வயதில் மூளை தூக்கத்துக்கான மெலடோனினைத் தாமதமாகச் சுரக்கிறது. இதை அமெரிக்காவின் மேரி கார்ஸ்கடன் போன்றவர்கள் பல ஆண்டுகள் ஆராய்ந்து காட்டியிருக்கிறார்கள். பதினேழு வயதுப் பிள்ளைக்கு இரவு பதினொன்று வரை தூக்கம் வராமலிருப்பது மீசை முளைப்பதைப் போல வயதின் வேலை. இருபதை ஒட்டி அது மெல்லத் திரும்புகிறது. அந்த வயதில் எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் தேவை. விடுதியோடு நடக்கும் தனியார் பள்ளிகள் பலவற்றில் நடப்பது என்ன? இரவுப் படிப்பு முடியப் பத்தரை, பதினொன்று. மணி அடித்து எழுப்புவது நாலரை, ஐந்து. வீட்டிலிருந்து போகும் பிளஸ் டூ பிள்ளைக்கும் ஏழு மணிக்கு ஸ்பெஷல் கிளாஸ். பஸ் பிடிக்க ஆறு மணிக்குள் கிளம்ப வேண்டும். அரைவயிற்றோடு, அரைத் தூக்கத்தோடு போய் உட்காரும் பிள்ளையிடம் "கவனம் இல்லை" என்று குற்றம் சொல்கிறோம்.

இங்கே நடக்கும் இழப்பு சாதாரணமானது அல்ல. படித்ததை மூளை அடுக்கி நிலைப்படுத்துவது தூக்கத்தில்தான். கனவு வரும் உறக்கம் இரவின் கடைசிப் பகுதியில்தான் மிகுதி. நாலரைக்கு அலாரம் வைத்தால் வெட்டுப்படுவது பெரும்பாலும் அந்தப் பகுதிதான். கூடுதலாக ஒன்றரை மணி நேரம் படிக்கவைக்கிறோம் என்ற பெயரில், ஏற்கெனவே படித்தது பதிய வேண்டிய நேரத்தைப் பறித்துக்கொள்கிறோம்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அமைப்பு 2014இலேயே நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகள் காலை 8.30க்கு முன் தொடங்கக் கூடாது என்று பரிந்துரைத்தது. சியாட்டில் நகரம் 2016இல் உயர்நிலைப் பள்ளி நேரத்தை 7.50இலிருந்து 8.45க்குத் தள்ளியது. பிள்ளைகள் அந்த அளவுக்கு இன்னும் தாமதமாகப் படுப்பார்கள் என்ற அச்சம் அங்கேயும் இருந்தது. அளந்து பார்த்தபோது தினமும் 34 நிமிடம் கூடுதலாகத் தூங்கியிருந்தார்கள். கலிபோர்னியா மாநிலம் பள்ளிகளின் தாமதத் தொடக்கத்தைச் சட்டமாக்கி 2022 முதல் நடைமுறைப்படுத்தியது. நம் பள்ளிகளின் வழக்கமான ஒன்பது மணித் தொடக்கம் இந்தக் கணக்கில் நல்லதுதான். அந்த நல்லதைத்தான் ஏழு மணி ஸ்பெஷல் கிளாஸ் தின்றுவிடுகிறது.

பாரதி சொன்னாரே என்பார்கள். பாப்பா பாட்டில் காலையைப் படிப்புக்குக் கொடுத்தவர் மாலையை விளையாட்டுக்குக் கொடுத்தார். முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு மாலையையும் டியூஷனுக்குக் கொடுத்துவிட்டோம். உடலியல்படி பார்த்தால் விளையாட்டுக்கு மாலையைவிடப் பொருத்தமான பொழுது இல்லை.

உடற்பயிற்சியிலும் இதே மூடநம்பிக்கை ஆட்சி செய்கிறது. காலையில் செய்தால்தான் பலன், மாலையில் செய்தால் வீண் என்கிறார்கள். தசையின் வலிமையும் வேகமாகப் பாயும் திறனும் பெரும்பாலோருக்குப் பிற்பகல் நான்கு மணியிலிருந்து மாலைக்குள் உச்சத்தைத் தொடுகின்றன. உடல் வெப்பம் உயர்ந்திருக்கும், மூட்டுகள் இளகியிருக்கும். எடை தூக்கவும் வேகமாக ஓடவும் பந்து விளையாடவும் அதுவே இயல்பான நேரம். வெறும் வயிற்றில் ஓடினால் கொழுப்பு கரையும் என்பதும் பாதி உண்மைதான். அந்த நேரத்தில் உடல் கொழுப்பைக் கூடுதலாக எரிக்கிறது. ஆனால் மொத்தமாகச் சாப்பிட்டதும் செலவழித்ததும் ஒன்றாக இருந்தால் வார முடிவில் எடையில் பெரிய வேறுபாடு இல்லை. மாலைப் பயிற்சி தூக்கத்தைக் கெடுக்கும் என்பதும் மிகைதான். படுப்பதற்கு ஒரு மணி நேரத்துக்குள் மூச்சு வாங்க ஓடினால்தான் சிக்கல்.

முதுகெலும்பைப் பற்றி யாருமே எச்சரிப்பதில்லை. இரவில் படுத்திருக்கும்போது முதுகெலும்பின் இடைவட்டுகள் நீரை உறிஞ்சி உப்புகின்றன. காலையில் நாம் ஓரிரு சென்டிமீட்டர் உயரமாக இருப்பது இதனால்தான். அந்த நிலையில் முன்னே குனியும்போது வட்டின் மீது அழுத்தம் மிக அதிகம். இடுப்பு வலிக்காரர்கள் எழுந்தபின் காலைப் பொழுதில் குனிவதைத் தவிர்த்தாலே வலி குறைகிறது என்று ஆய்வு காட்டியிருக்கிறது. பாயை விட்டு எழுந்தவுடன் கால்விரலைத் தொடச் சொல்லும் பயிற்சியாளர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மாரடைப்புகள் காலை ஆறிலிருந்து நண்பகல் வரையிலான நேரத்தில்தான் அதிகம் தொடங்குகின்றன என்பது 1985 முதல் நன்கு பதிவான செய்தி. காலை நடையால் மாரடைப்பு வருகிறது என்று நான் சொல்லவில்லை. நடக்காமல் இருப்பதைவிட எந்த நேரத்தில் நடப்பதும் மேல். ஆனால் ரத்த அழுத்தம் மேலேறும் பொழுது அது. ஐம்பதைக் கடந்தவர், அதுவும் மாத்திரை சாப்பிடுகிறவர், தண்ணீர்கூடக் குடிக்காமல் விடியலில் குதித்து ஓடத் தேவையில்லை. சர்க்கரைக்காரர்களுக்கு இன்னொரு செய்தி உண்டு. விடிகாலையில் சுரக்கும் ஹார்மோன்களால் பலருக்கு ரத்தச் சர்க்கரை தானாகவே ஏறுகிறது. உணவுக்குப் பின் பத்துப் பதினைந்து நிமிடம் நடப்பது அவர்களுக்குக் கண்கூடான பலன் தரும். அதற்கு அலாரம் தேவையில்லை.

நம் ஊர் வெயிலில் வெளியே உழைக்கிறவருக்கு விடியல்தான் வழி என்பது உண்மை. மே மாதத்தில் பகலில் ஓடு என்று யாரும் சொல்லமாட்டார்கள். வயலில் ஐந்து மணிக்கு இறங்குவதற்கு வெயில் காரணம். ஒழுக்கம் காரணம் அல்ல. மின்விளக்கு வராத ஊரில் எட்டு மணிக்கே படுத்தார்கள், நாலு மணிக்கு எழுந்தபோது எட்டு மணி நேரம் தூங்கியிருந்தார்கள். அந்தக் காலத்தின் எழும் நேரத்தை வைத்துக்கொண்டு, இந்தக் காலத்தின் படுக்கும் நேரத்தோடு சேர்த்ததில்தான் பிழை. பிரம்ம முகூர்த்தத்தில் எழு என்று சொன்ன வாக்படரின் அஷ்டாங்க ஹிருதயமும் அதை ஆரோக்கியமானவருக்கே சொன்னது. உடற்பயிற்சியையும் சக்தியில் பாதி அளவோடு நிறுத்தச் சொன்னது. நூலைக் காட்டி மிரட்டுகிறவர்கள் அந்த வரம்புகளை மட்டும் விட்டுவிடுகிறார்கள்.

இந்த நம்பிக்கையின் சுமை எல்லாருக்கும் சமமாக விழவில்லை. பின்தூங்கி முன்னெழுவதே நல்ல பெண்ணுக்கு அழகு என்று பெண்களிடம் சொல்லி வைத்திருக்கிறோம். குழாயில் தண்ணீர் வரும் நேரம் நாலரை. அதற்கு எழுந்து, இட்லி ஊற்றி, மூன்று டிபன் பாக்ஸ் கட்டி, வேலைக்கும் போய், இரவு பாத்திரம் கழுவிப் பதினொன்றரைக்குப் படுக்கும் பெண்ணுக்குத் தன் உச்ச நேரம் எது என்று தெரிந்துகொள்ளக்கூட அவகாசம் இல்லை. பழைய மகாபலிபுரம் சாலை அலுவலகங்களில் அமெரிக்க நேரத்துக்கு உழைத்து விடியும்போது வீடு திரும்பும் பிள்ளைகள், நூற்பாலைகளில் மூன்றாம் ஷிப்டில் நிற்பவர்கள், கோயம்பேட்டில் நள்ளிரவில் மூட்டை இறக்குகிறவர்கள் ஆகியோர் ஐந்து மணிக்கு எழ வேண்டும் என்றால் எப்போது தூங்குவது? உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2007இல் இரவுப் பணியை அநேகமாகப் புற்றுநோய் விளைவிக்கக்கூடியது என்று வகைப்படுத்தியது. இவர்களுக்குத் தேவை பகலில் இருட்டான, சத்தமில்லாத ஓர் அறை. அவர்கள் கதவைத் தட்டி "இன்னுமா தூக்கம்?" என்று கேட்பது கொடுமை.

தன் நாளைத் தானே அமைத்துக்கொள்ள முடிகிறவர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. இரண்டு வாரம், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, மனம் எவ்வளவு தெளிவாக இருக்கிறது, உடல் எவ்வளவு சுறுசுறுப்பாக இருக்கிறது என்று ஒரு நோட்டில் மதிப்பெண் போடுங்கள். விடுமுறையில் அலாரம் இல்லாமல் எப்போது விழிக்கிறீர்கள் என்றும் குறியுங்கள். மேடும் பள்ளமும் தானே தெரியும். மேட்டில் கடினமான வேலை: எழுதுவது, கணக்குப் பார்ப்பது, முடிவெடுப்பது. பள்ளத்தில் மின்னஞ்சலுக்குப் பதில், பில் கட்டுவது, அடுக்கி வைப்பது. பிற்பகல் ஒன்றிலிருந்து மூன்று வரை வரும் மந்தம் சாப்பாட்டால் மட்டும் வருவதல்ல, சாப்பிடாதவருக்கும் வருகிறது. அப்போது இருபது நிமிடம் கண்ணயர்வது ஐந்து மணிக்குக் குடிக்கும் காபியைவிட மேல், ஏனெனில் காபியின் பாதி இரவு பத்து மணிக்கும் உடலில் இருக்கும். காலையில்தான் ஜிம்முக்குப் போக முடியும் என்றால் போகலாம். உடலைச் சூடாக்கக் கூடுதல் நேரம் எடுங்கள், தினமும் அதே நேரத்தில் செய்யுங்கள். சில வாரங்களில் உடல் அந்த நேரத்துக்குப் பெருமளவு பழகிவிடும்.

தனி மனிதர் நோட்டுப் போட்டு மட்டும் தீரும் விஷயமல்ல இது. பிளஸ் டூ ஸ்பெஷல் கிளாஸை ஏழு மணியிலிருந்து மாற்றுவதற்குப் பணம் செலவாகாது, தலைமையாசிரியர் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். விடுதி மணியை ஆறரைக்குத் தள்ளவும் அப்படியே. அலுவலகங்கள் ஒன்பதரையா பதினொன்றா என்று ஊழியரையே தேர்ந்தெடுக்கவிடலாம், கலந்தாலோசனைக் கூட்டங்களை இரண்டு மணிக்கு வைக்காமலிருக்கலாம். உள்ளாட்சிகளோ, பல ஊர்களில் எட்டு, எட்டரைக்கே பூட்டிவிடும் பூங்காக்களை இரவு பத்து வரை திறந்துவைத்து, நடைபாதை முழுவதும் விளக்குப் போட்டு, ஒரு பெண் காவலரை நிறுத்த வேண்டும். வேலை முடித்து ஏழரைக்கு வீடு வந்து, சமைத்துவிட்டு ஒன்பது மணிக்குத்தான் நடக்க முடிகிற பெண்கள் இந்த மாநிலத்தில் ஏராளம்.