பூப் போட்டது யார்?

ஆரணிக்குப் பட்டுப் புடவை வாங்கப் போன இடத்தில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். நான் சொன்ன பதில் தவறு. அந்தத் தவற்றைத் திருத்திக்கொள்ளவே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். என் இடத்தில் இருந்திருந்தால் நீங்களும் அதே பதிலைத்தான் சொல்லியிருப்பீர்கள் என்பதால், இந்தப் பிராயச்சித்தத்தில் உங்களையும் கூட்டுச் சேர்த்துக்கொள்கிறேன்.

வீட்டில் கல்யாணம். தறிக்காரர் வீட்டிலேயே பார்த்து வாங்கினால் நயமாகக் கிடைக்கும் என்று யாரோ சொல்லப்போக, என் மனைவியும் நானும் ஒரு நெசவாளர் வீட்டுக் கூடத்தில் பாய்மேல் உட்கார்ந்து அரை நாள் புடவை புரட்டினோம். என்னென்னவோ கேட்டோம். பட்டு எத்தனை கிராம்? ஜரிகை அசலா, கலப்பா? சாயம் விடுமா? கரை நைந்து போகுமா? கடைசியில் எவ்வளவுதான் குறைப்பீர்கள்? அவரும் சலிக்காமல் பதில் சொன்னார். பேரம் படிந்தது. காப்பி வந்தது.

காப்பி கொண்டுவந்த பெண்ணைச் சுட்டிக்காட்டி அவளுடைய தாயார் சொன்னாள்:

"சார், நீங்க புஸ்தகமெல்லாம் எழுதறவராமே! இதுக்கு ஒரு நல்ல புத்தி சொல்லிட்டுப் போங்க. பன்னெண்டாவதுல நல்ல மார்க்கு. நர்ஸுக்குப் படி, பி.காம். படின்னா காதுல வாங்க மாட்டேங்குது. மெட்ராஸ்ல படம் வரையற காலேஜு இருக்குதாம். போனா அங்கதான் போவேன்னு நிக்குது. அதுல இன்னா வேலை சார் கெடைக்கும்?"

எழுதுகிறவன் என்ற கௌரவத்துடன் நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டேன். "படம் வரைவதை ஓய்வு நேரத்துக்கு வைத்துக்கொள்ளலாம் அம்மா. முதலில் சோறு போடுகிற படிப்பைப் படித்துவிடு" என்றேன். அந்தப் பெண் மறுபேச்சுப் பேசவில்லை. காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

திரும்பி வருகையில், பஸ்ஸில், என் மனைவி ஆசை தாங்காமல் பொட்டலத்தின் ஓரத்தைப் பிரித்துப் பார்த்தாள். கரை நெடுக அன்னங்கள். ஒன்றன் பின் ஒன்றாக, கழுத்தை வளைத்துக்கொண்டு, அலகில் ஒரு பூங்கொத்துடன். "இந்த அன்னத்துக்காகத்தான் இதை எடுத்தேன்" என்றாள் அவள். எனக்குச் சுருக்கென்றது. பட்டின் எடையைக் கேட்டோம். ஜரிகையின் தரத்தைக் கேட்டோம். இந்த அன்னத்தை வரைந்தவர் யார் என்று நாங்கள் கேட்கவில்லை. எதற்காகப் பணம் கொடுத்தோமோ அதைப் பற்றி மட்டும் ஒரு கேள்வியும் இல்லை!

படம் சோறு போடுமா என்று நாம் கேட்கிறோம். எந்த ஊரில் நின்றுகொண்டு கேட்கிறோம்? தலைமுறை தலைமுறையாகப் படத்தில் சோறு தின்கிற ஊரில்! வெறும் பட்டு நூலுக்கு என்ன விலை, அதில் மயிலும் மாங்காயும் விழுந்தால் என்ன விலை என்பது ஆரணியில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். தறியில் ஒரு பூ விழ வேண்டுமானால், முதலில் அது கட்டம் போட்ட தாளில் விழ வேண்டும். எந்தக் கட்டத்தில் எந்த இழை மேலே, எது கீழே என்பதை ஒருவர் உட்கார்ந்து தீர்மானிக்கிறார். அதைப் பார்த்து அட்டையில் துளை போடுகிறார்கள். அட்டைகளைக் கோத்து ஜக்கார்டுப் பெட்டியில் மாட்டினால், துளைக்குத் தக்கபடி பாவு இழைகள் எழும்பி வழிவிடுகின்றன. தாளின் இடத்தை இன்று கணினித் திரை பிடித்துக்கொண்டிருக்கலாம். தீர்மானிக்கிற மனிதர் மட்டும் இன்னும் இருக்கிறார். படம் சோறு போடத்தான் செய்கிறது. வரைந்தவர் இலையில் அது விழுவதில்லை, அவ்வளவுதான் விஷயம். ஆரணிப் பட்டுக்கு 2008-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊருக்குப் பெயர் வந்ததில் எனக்கும் சந்தோஷமே. ஆனால் அந்தக் குறியீட்டில் ஊரின் பெயர் உண்டு. வரைந்த மனிதரின் பெயருக்கு அதில் இடம் கிடையாது.

இந்த ஜக்கார்டுப் பெட்டி எங்கிருந்து வந்தது? பிரான்ஸ் தேசத்து லியோன் நகரத்திலிருந்து. ஜோசப் மேரி ஜக்கார்டு என்பவர் 1804-ஆம் ஆண்டு வாக்கில் அதைச் செய்து முடித்தார். லியோனும் ஆரணியைப் போலப் பட்டு நெய்கிற ஊர்தான். ஆனால் அந்த ஊரார் பெட்டியோடு நின்றுவிடவில்லை. பெட்டி வருவதற்கு முன்பே, 18-ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே, அங்கே ஓவியப் பள்ளி வைத்துவிட்டார்கள். பிறகு 1807-இல் ஏற்பட்ட நுண்கலைப் பள்ளியில், பட்டுக்குப் பூ வரைவதற்கென்றே தனி வகுப்பு நடந்தது. நாம் பெட்டியை மட்டும் இறக்குமதி செய்துகொண்டோம். பள்ளியைக் கப்பலிலேயே விட்டுவிட்டோம்!

நம்மிடம் பள்ளியே இல்லையா என்றால், இருக்கிறது. அலெக்சாண்டர் ஹண்டர் என்ற வைத்தியர் 1850-இல் சென்னையில் ஓர் ஓவியப் பள்ளியைத் தொடங்கினார். அதுதான் இன்று எழும்பூருக்குப் பக்கத்தில் இருக்கிற அரசு கவின் கலைக் கல்லூரி. தேவி பிரசாத் ராய் சௌத்ரியும் கே.சி.எஸ். பணிக்கரும் தலைமை வகித்த இடம். ஓவியம், சிற்பம் மட்டுமின்றித் துணி வடிவமைப்பும் அங்கே ஒரு பாடம். கும்பகோணத்தில் ஒரு கல்லூரி இருக்கிறது. மாமல்லபுரத்தில் 1957 முதல் சிற்பத்துக்கும் கோயில் கட்டடக் கலைக்கும் ஒரு கல்லூரி இருக்கிறது. சென்னை ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியில் வரைவதையும் கலை வரலாற்றையும் சேர்த்தே பெண்களுக்குப் போதிக்கிற துறை நெடுங்காலமாக நடக்கிறது. 2013-இல் இசைக்கும் கவின் கலைக்கும் சேர்த்து ஒரு பல்கலைக் கழகமே ஏற்பட்டுவிட்டது. இல்லாதது, பிள்ளைகளை அங்கே அனுப்புவதற்கான மனசு. பொறியியல் கல்லூரிக்கு நிலத்தை விற்றுப் பணம் கட்டுகிற தகப்பனார், ஓவியக் கல்லூரி என்றதும் பிள்ளைக்குச் சித்தப் பிரமையோ என்று ஜோசியரிடம் ஓடுகிறார்.

இங்கே ஒரு நண்பர் குறுக்கிடுகிறார். "ஓகோ, நெசவாளி மகள் நெசவுக்கே படம் போட வேண்டுமோ? குலக் கல்வியைக் கொல்லைப்புற வழியாகக் கொண்டுவருகிறீரோ?" என்கிறார். 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டமும், அடுத்த ஆண்டே காமராஜர் ஆட்சியில் அது கைவிடப்பட்டதும் எனக்குத் தெரியும். அது கைவிடப்பட்டது சரி என்பதே என் கட்சி. அந்தத் திட்டம் குழந்தையைப் பாதி நாள் பள்ளிக்கூடத்திலிருந்து வெளியே அனுப்பியது. நான் இந்தப் பெண்ணைப் பள்ளிக்கூடத்துக்கு மேலே அனுப்பு என்கிறேன். அவள் படித்துவிட்டுத் தறிக்குப் பூப் போடலாம், போடாமலும் இருக்கலாம். சிலை செய்யலாம், புத்தகம் எழுதலாம், அருங்காட்சியகத்தில் உத்தியோகம் பார்க்கலாம். அது அவள் இஷ்டம். நெசவாளி மகள் நர்ஸ் ஆகலாம், கணக்கர் ஆகலாம், ஓவியர் மட்டும் ஆகக் கூடாது என்று சொல்கிறோமே, அந்தப் பேச்சில்தான் குலத்தின் வாடை அடிக்கிறது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை ஓவியம் படித்தால் ரசனை. ஏழை வீட்டுப் பிள்ளை படித்தால் பைத்தியம்!

இன்னொருவர், "வரைவதைக் கற்கட்டும், போகிறது. கலை வரலாறு எதற்கு? செத்துப்போனவர்களின் தேதியை நெட்டுருப் போட்டு என்ன பிரயோஜனம்?" என்கிறார். தேதியை நெட்டுருப் போடுவதுதான் வரலாறு என்றால் நானும் அவர் பக்கமே. ஆனால் ஆரணியைச் சுற்றி என்ன இருக்கிறது என்று பாருங்கள். போளூர்ப் பக்கம் திருமலையில், மலையடிவாரச் சமணக் கோயிலின் விதானத்தில் பழைய வண்ண ஓவியங்கள் இருக்கின்றன. மேலே ஐம்பதடிக்கும் உயரமான நேமிநாதர் நிற்கிறார். வந்தவாசிப் பக்கம் சீயமங்கலத்தில் மகேந்திர பல்லவன் குடைவித்த குகைக் கோயில் இருக்கிறது. மாமண்டூரிலும் அவன் காலத்துக் குகையும் கல்வெட்டும் உண்டு. எல்லாம் திருவண்ணாமலை மாவட்டத்துக்குள்தான். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட அந்த ராஜா, தனக்குத் தானே சூட்டிக்கொண்ட விருதுகளில் ஒன்று சித்திரகாரப்புலி. ஓவியன் என்று சொல்லிக்கொள்வதை ஒரு சக்கரவர்த்தி பெருமையாக நினைத்த மண்ணில், ஒரு காலேஜ் விண்ணப்பத்தில் அதே சொல்லை எழுத ஒரு பெண் பயப்படுகிறாள்!

அந்த அன்னம் எந்தக் கோயில் தூணிலிருந்து இறங்கிக் கரைக்கு வந்தது, வருகிற வழியில் அதன் கழுத்து ஏன் நீண்டது என்று தெரிந்தவள்தான் நாளைக்கு அதைத் துணிந்து மாற்றுவாள். தெரியாதவள் காஞ்சிபுரத்தில் சென்ற மாதம் ஓடிய புடவையைச் செல்போனில் படம் பிடித்து அப்படியே இறக்குவாள். இப்போது கணினியே கேட்ட மாத்திரத்தில் ஆயிரம் பூ வரைந்து தருகிறதே என்பீர்கள். தரட்டும். அது தருவதெல்லாம் ஏற்கெனவே யாரோ போட்ட பூக்களை உண்டு செரித்ததுதான். ஆயிரத்தில் எது நல்லது, எது குப்பை என்று பொறுக்கியெடுக்க ஒரு கண் வேண்டாமா? அந்தக் கண்ணைப் பழக்குகிற படிப்புக்குத்தான் கலை வரலாறு என்று பெயர்.

தறிக்கும் ஓவியத்துக்கும் சம்பந்தமில்லை என்று நினைக்கிறவர்களுக்கு இரண்டு பேரைக் காட்டுகிறேன். கே.ஜி. சுப்ரமணியன் சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படித்தவர். சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்று, சாந்திநிகேதனத்தில் ஓவியரானார். பரோடாவில் பேராசிரியராக விளங்கிய அவரே, 1959 முதல் 1961 வரை அகில இந்தியக் கைத்தறி வாரியத்தில் வடிவமைப்புப் பொறுப்பில் இருந்தார். பாரிஸில் படித்துத் திரும்பிய வங்காளத்து ஜோகன் சௌத்ரி, 1968 முதல் 1972 வரை சென்னையில் கைத்தறித் துணிகளுக்கு வடிவம் போட்டார். நம் பணிக்கரின் சீடர்கள் செய்த காரியமோ இன்னும் ருசியானது. படம் விற்காத காலத்தில் அவர்கள் துணியில் பாட்டிக் வேலை செய்து விற்றார்கள். அப்படிச் சேர்த்த பணத்தில் ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கி, 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உண்டாக்கினார்கள். ஓவியருக்குத் துணி சோறு போட்டிருக்கிறது. துணிக்கு ஓவியர் மதிப்புக் கூட்டியிருக்கிறார். இது பாஷை தெரியாத தூர தேசத்துக் கதையல்ல. திருவண்ணாமலையில் பிறந்த ஏ.பி. சந்தானராஜ் அந்தச் சென்னைக் கல்லூரியிலேயே படித்து, அங்கேயே ஆசிரியராகி, அதன் தலைமைப் பதவியிலும் அமர்ந்தார்.

கல்லூரிகளின் மேலும் எனக்குக் கோபம் உண்டு. நான் சந்தித்த ஓவிய மாணவர்கள் சிலர் இத்தாலிய ஓவியர்களின் பெயரை வரிசையாகச் சொல்கிறார்கள். திருமலையைக் கேட்டால் விழிக்கிறார்கள். தமிழில் படித்து வருகிற பிள்ளைக்குக் கலை வரலாற்றைத் தமிழில் சொல்லுகிற நல்ல புத்தகங்கள் விரல் விட்டு எண்ணும்படி இருக்கின்றன. சர்க்காரின் லட்சணமும் சொல்லத் தரமன்று. 2012-இல் அரசுப் பள்ளிகளில் ஓவியம், உடற்பயிற்சி, தொழிற்கல்விக்கென்று 16,000-க்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்களை நியமித்தார்கள். தொடக்கச் சம்பளம் மாதம் 5,000 ரூபாய்! ஓவிய வாத்தியாரின் சட்டைக் காலரைப் பார்க்கிற பையனுக்கு ஓவியத்தின் மதிப்பு தெரிந்துவிடுகிறது.

ஆகவே, அந்தத் தாயார் கேட்டது நியாயமான கேள்வி. பாவும் கூலியும் கணக்குப் பார்த்துக் குடும்பம் நடத்துகிறவள் அவள். அவள் கேட்கத்தான் வேண்டும். அந்தப் படிப்பு நிச்சயம் சோறு போடும் என்று நான் சத்தியம் செய்யத் தயாரில்லை. நான்காண்டு பொறியியல் படித்துவிட்டு வேலை தேடி அலைகிறவர்களைப் பார்க்கிற நாட்டில், எந்தப் படிப்புக்குத்தான் யார் சத்தியம் செய்ய முடியும்? ஆனால் அதே கேள்வியைக் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. ஏனென்றால் அந்தச் சோறு விழாமல் தடுக்கிறவன் நான். அன்னத்துக்காகப் புடவை எடுத்துவிட்டு, அன்னத்துக்கு விலை கொடுக்க மறுத்து, இன்னும் இருநூறு குறை என்று பேரம் பேசியவன் நான். வரைகிறவருக்குக் கூலி கொடுக்க மாட்டேன், ஆகையால் நீ வரையப் படிக்காதே என்பது எந்த ஊர் தர்மம்?

என் அக்காள் மகன் ஒருவனுக்கும் இருபது வருஷத்துக்கு முன் இதே புத்தியைச் சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டான். நல்ல சம்பளம், சொந்த வீடு, ஒரு குறையுமில்லை. போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இலை போடுகிற வரையில் பத்திரிகை உறையின் பின்பக்கத்தில் நாதஸ்வரக்காரரை வரைந்துகொண்டிருந்தான். நான் பார்ப்பதைக் கண்டதும் கசக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

ஊர் திரும்பிய மறுநாள் அந்த நெசவாளருக்குக் கடிதம் எழுதினேன். அன்று நான் சொன்னது பிசகு என்றும், எந்தெந்தக் கல்லூரிக்கு விண்ணப்பம் போடலாம் என்றும், படம் வரைந்து காட்டுகிற பரீட்சைக்குப் பெண் தயாராகட்டும் என்றும் எழுதினேன். கடைசியில், புடவைக் கரையில் இருக்கிற அன்னத்தை வரைந்தது யார் என்றும் கேட்டிருந்தேன்.

பதில் இன்னும் வரவில்லை. விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி நெருங்கிக்கொண்டிருக்கிறது. நீங்கள் அடுத்த முறை பட்டெடுக்கப் போகும்போது கிராம் கணக்கைக் கேட்டு முடித்த பிறகு, பூப் போட்டது யார் என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள். நாலு பேர் கேட்டால் கடைக்காரர் தெரிந்துவைத்துக்கொள்வார். நாற்பது பேர் கேட்டால் அந்தப் பெயரைச் சீட்டில் எழுதித் தொங்கவிடுவார். அந்தப் பெயர் ஏறுகிற நாளில், ஆரணியில் எந்தத் தாயாரும் என்னைப் போன்றவனிடம் புத்தி கேட்க வேண்டியிருக்காது.