குறை எண்ணைக் கண்டு பிள்ளைகள் மிரளலாமா?

மூன்றிலிருந்து ஐந்தைக் கழிக்க முடியாது என்று கீழ் வகுப்புகளில் சொல்லிக் கொடுக்கிறோம். ஆறாம் வகுப்பில் திடீரென்று முடியும், விடை -2 என்கிறோம். பிள்ளைகள் மிரளத்தான் செய்வார்கள். கணக்கின் மேல் வெறுப்பு விழுவதும் இந்த இடத்தில்தான்.

வணிகர்களாகிய நமக்கு இது புதிதல்ல. மூன்று ரூபாயுடன் ஐந்து ரூபாய்ச் சரக்குக்கு வருபவரை நாம் திருப்பி அனுப்புவதில்லை. இரண்டு ரூபாய் பாக்கி என்று நோட்டில் எழுதிக்கொள்கிறோம். கி.பி. 628-இல் பிரம்மகுப்தர் மிகை எண்ணைத் 'தனம்' என்றும், குறை எண்ணை 'ருணம்', அதாவது கடன் என்றும் சொல்லியே விதிகளை வகுத்தார். அது நம் பேரேட்டின் மொழி.

இதை வகுப்பில் விளக்க நல்ல வழி எண்கோடு. தரையில் நீளமாக ஒரு கோடு, நடுவில் பூஜ்யம், வலப்புறம் 1 முதல் 10, இடப்புறம் -1 முதல் -10. பூஜ்யம் என்றால் கணக்கு நேர். நான்கு ரூபாய் பாக்கிக்காரர் ஏழு ரூபாய் கட்டினால்? மாணவன் -4-இல் நின்று வலப்புறம் ஏழு அடி நடக்கட்டும். 3-இல் போய் நிற்பான். பாக்கி தீர்ந்து மூன்று ரூபாய் முன்பணம்.

-8 பெரிதா, -3 பெரிதா என்றால் பிள்ளைகள் -8 என்பார்கள். கடன் தொகை பெரிதுதான். கடன்பட்டவர் நிலையோ தாழ்வு. கோட்டில் -8 இன்னும் இடப்புறம் இருப்பதால் அதுவே சிறியது. -5-இலிருந்து -2-ஐக் கழித்தால் -3 வருவதும் அப்படித்தான். ஐந்து ரூபாய் பாக்கியில் இரண்டைத் தள்ளுபடி செய்தால் மூன்றுதானே மிச்சம்? கடன் நீங்குவது வரவுக்குச் சமம். ஆகவே வலப்புறம் நகர்கிறோம்.

கடையில் உட்காரப் போகிறவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று நம்மில் சிலர் கேட்கிறார்கள். கல்லாவில் பணம் புரளும். கொள்முதல் பாக்கியையும் வட்டியையும் கழித்தால் கணக்கு பூஜ்யத்துக்கு இடப்புறம் நிற்கும். அதை உரிய நேரத்தில் பார்க்காமல் மூடப்பட்ட கடைகளை நாம் அறிவோம். பூஜ்யத்துக்குக் கீழேயும் எண்ணத் தெரிந்தவனே கடையைக் காப்பாற்றுவான்.

ஆண்டுதோறும் நோட்டுப் புத்தகம் வழங்கும் நம் சங்கக் கிளைகள், பள்ளியின் ஒப்புதலுடன் ஒரு வகுப்பறைத் தரையில் எண்கோடும் வரைந்து கொடுக்கலாம். ஒரு டப்பா பெயிண்ட் போதும். வீட்டிலும் பற்று வரவு நோட்டில் ஒரு பக்கத்தைப் பிள்ளைகளிடம் கொடுத்து, கோட்டில் நடந்து காட்டச் சொல்வோம்.