தன்னார்வலர் வந்து என்ன ஆகிவிட்டது?

வாரம் ஒருநாள் அரசுப் பள்ளிக்குப் போய்ச் சொல்லித்தரலாம், காப்பகத்துப் பிள்ளைகளோடு இருந்துவிட்டு வரலாம் என்று யாராவது கிளம்பினால், உடனே கிடைக்கும் பதில் இதுதான்: “இதெல்லாம் இரண்டு நாளைக்கு. ஃபோட்டோ எடுத்துப் போட்டுவிட்டுக் காணாமல் போய்விடுவார்கள். அரசாங்கம் செய்ய வேண்டிய வேலை இது. உதவ நினைத்தால் பணம் கொடுத்துவிட்டுப் போங்கள்.” பொதுக்காரியத்தில் அக்கறை உள்ளவர்களே இப்படிச் சொல்கிறார்கள். அதைக் கேட்டுப் பின்வாங்கும் கல்லூரிப் பிள்ளைகள் பலர். அவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

ஃபோட்டோ குற்றச்சாட்டை முதலில் எடுத்துக்கொள்வோம். பேனர் கட்டி, சால்வை போர்த்தி, நோட்டு கொடுக்கும்போது கேமராவைப் பார்க்கிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். அவர்கள் விருந்தினர்கள்; தன்னார்வலர்கள் என்ற கணக்கில் அவர்களைச் சேர்ப்பதே தவறு. பார்வை மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குத் தேர்வெழுதித் தரும் ஸ்க்ரைப்களைப் பாருங்கள். செமஸ்டர் தேர்வு நெருங்கினால் அந்த மாணவர்கள் ஒவ்வொரு தாளுக்கும் ஆள் தேடி ஃபோன் போட்டபடி இருப்பார்கள். மூன்று மணி நேரத் தேர்வு, மணிக்கு 20 நிமிடம் கூடுதல் என்று நான்கு மணி நேரமாகிறது. அவ்வளவு நேரமும் இன்னொருவர் சொல்வதைத் தன் கருத்து எதையும் கலக்காமல் எழுத வேண்டும். ‘இங்கே பத்தி பிரிக்கட்டுமா?’ என்று கேட்க வேண்டும். எழுதியதைத் திரும்ப வாசித்துக் காட்ட வேண்டும், ஏனென்றால் சொன்னவரால் அதைச் சரிபார்க்க முடியாது. ஸ்க்ரைப் வராவிட்டால் அந்தத் தாளே போய்விடும். கைபேசிக்கே அனுமதியில்லாத அறையில் இதைச் செய்துவிட்டு, அடுத்த தாளுக்கும் வந்து நிற்பவர்கள் எல்லாக் கல்லூரி ஊர்களிலும் இருக்கிறார்கள்.

அடுத்தது, ‘ஆசிரியர் பயிற்சி இல்லாதவர் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைக்கு என்ன வரும்?’ என்ற கேள்வி. நான்காம் வகுப்பில் ஒரு பிள்ளை இருக்கும். கரும்பலகையில் இருப்பதை முத்து முத்தாக எழுதி வைத்திருக்கும். நோட்டு முழுக்கச் சிவப்பு மையில் ‘சரி’ விழுந்திருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து, அது எழுதிய வரியிலேயே ஒரு சொல்லின்மேல் விரலை வைத்து ‘இது என்ன?’ என்று கேட்டால்தான் தெரியும், வாசிக்கத் தெரியவில்லை என்று. எழுத்து எழுத்தாகக் கூட்டும்; மூன்றாம் எழுத்துக்கு வரும்போது முதல் எழுத்து மறந்துபோயிருக்கும். ஈராசிரியர் பள்ளியில் ஐந்து வகுப்புகளையும் பார்த்துக்கொள்ளும் ஆசிரியரால் ஒவ்வொரு பிள்ளையின் அருகிலும் இப்படி உட்கார முடிவதில்லை. அந்தப் பிள்ளைக்கு அப்போது தேவை, அவசரப்படாமல் அருகில் இருந்து கேட்கிற ஒரு ஆள். அதற்குப் பி.எட். தேவையில்லை. பாடத்தை வகுப்பதும் மதிப்பிடுவதும் ஆசிரியர் வேலை. அதில் தன்னார்வலர் தலையிட வேண்டியதில்லை.

இதற்குச் சான்று நம் மாநிலத்திலேயே இருக்கிறது. கொரோனாவால் தொடக்கப் பள்ளிகள் ஒன்றரை ஆண்டுக்கு மேல் மூடிக்கிடந்தன. 2021 அக்டோபரில் விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’ என்ற அரசுத் திட்டத்தில் ஏறத்தாழ 2 லட்சம் தன்னார்வலர்கள் சேர்ந்தார்கள். பெரும்பாலோர் அதே தெருவில் இருக்கும் பெண்கள். தொடக்க வகுப்புகளுக்குப் பிளஸ் டூ படிப்பு போதும் என்று வைத்திருந்தார்கள். மாலையில் திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் வகுப்புகள் நடந்தன. பொருளியல் ஆய்வாளர்கள் அபிஜீத் சிங், மொரீசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோர் தமிழ்நாட்டில் சுமார் 19,000 குழந்தைகளைத் தொடர்ந்து சோதித்தார்கள். பெருந்தொற்றில் இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கு, பள்ளி திறந்த ஆறு மாதத்தில் மீண்டிருந்தது. அந்த மீட்சியில் ஏறத்தாழ 24 விழுக்காடு இந்த மாலை வகுப்புகளால் வந்தது என்பது அவர்கள் கணக்கு. மிச்சம் பெரும்பங்கு பள்ளி திறந்ததால் வந்தது; அதையும் மறைக்கக் கூடாது. ஆனால் ‘ஒன்றும் ஆகவில்லை’ என்று இனி யாரும் சொல்ல முடியாது.

இது புதிதும் அல்ல. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி எழுத்தறிவு இயக்கத் தொண்டர்கள் இரவு வகுப்பு நடத்தினார்கள். குவாரித் தொழிலாளிப் பெண்களும் விவசாயக் கூலிப் பெண்களும் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள்.

மூன்றாவது வாதம்தான் கனமானது. ‘இது அரசின் கடமை. தன்னார்வலர் வந்தால் அரசு கைகழுவிவிடும்.’ இந்தப் பயத்தை நான் மதிக்கிறேன். காலிப் பணியிடத்தை நிரப்பாமல் அங்கே தன்னார்வலரை உட்கார வைத்தால் அது அநியாயம்; அப்படி அழைத்தால் மறுத்துவிட வேண்டும். இல்லம் தேடிக் கல்வியில் தினமும் மாலை வகுப்பெடுத்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை என்பது மிகக் குறைவு என்றே நினைக்கிறேன். ஆனாலும் இந்த வாதம் ஒன்றைத் தலைகீழாகப் பார்க்கிறது. ஒரு பள்ளியில் ஆசிரியர் இல்லை, கழிவறையில் தண்ணீர் வரவில்லை என்பது வெளியே இருப்பவருக்கு எப்படித் தெரியும்? வாரந்தோறும் உள்ளே போய் வருகிறவருக்குத் தெரியும். கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, முக்கால் பங்கு பெற்றோரைக் கொண்ட பள்ளி மேலாண்மைக் குழுவை அமைக்கச் சொல்கிறது. உறுப்பினரில் பாதிப்பேர் பெண்கள். பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிப்பது அந்தக் குழுவின் பொறுப்பு. கூலி வேலையை விட்டுக் கூட்டத்துக்கு வரும் ஒரு தாய்க்கு மனு எழுதித் தர, விதியை எடுத்துச் சொல்ல ஒரு ஆள் கூட இருந்தால் குழுவின் குரலுக்கே வலு வந்துவிடும். ஊர்க்காரர் கண் படும் பள்ளியை அதிகாரிகள் அவ்வளவு எளிதில் கைவிடுவதில்லை. யாரும் எட்டிப்பார்க்காத பள்ளிதான் நாதியற்றுப் போகிறது.

‘வெளியாளை உள்ளே விடுவது ஆபத்து’ என்பதில் எனக்கு மாற்றுக்கருத்தே இல்லை. 2024-இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் போலி என்.சி.சி. முகாம் ஒன்றில் மாணவிக்கு நேர்ந்த கொடுமையை யாராலும் மறக்க முடியாது. அங்கே நடந்தது, வந்தவர் யார் என்றே விசாரிக்காமல் பிள்ளைகளை ஒப்படைத்தது. அதற்குப் பரிகாரம் கதவடைப்பு அல்ல. அடையாளச் சான்று வாங்க வேண்டும், ஆசிரியர் கண்பார்வையிலேயே வகுப்பு நடக்க வேண்டும், எந்தப் பிள்ளையையும் தனியே அழைத்துப்போகக் கூடாது, 1098 என்ற குழந்தைகள் உதவி எண் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். இந்த விதிகளுக்கு முகம் சுளிக்கும் தன்னார்வலர் வராமல் இருப்பதே நல்லது.

பணம் கொடுத்தால் போதுமா? காப்பகங்களுக்குப் பிறந்தநாள் சாப்பாடு போடுகிறவர்கள் நல்லெண்ணத்தோடுதான் வருகிறார்கள். ஆனால் பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்து, முகம் தெரியாத ஒருவருக்கு வாழ்த்துப் பாட வைத்து, அதன் பிறகு இலை போடுவதை நான் பார்த்திருக்கிறேன். பசித்த பிள்ளை, கேக் வெட்டும்வரை காத்திருக்கிறது. அதே பிள்ளைக்குப் பத்தாம் வகுப்புக் கணக்கில் அரையாண்டுத் தேர்வு நெருங்கும்போது பக்கத்தில் ஆள் இருப்பதில்லை. சாப்பாட்டுக்கான தொகையைச் சத்தமில்லாமல் செலுத்திவிடலாம். சனிக்கிழமை மாலை கணக்குச் சொல்லித்தர யாராவது நேரில்தான் போயாக வேண்டும்.

போக நினைப்பவர்கள் ஜூனில் பள்ளி திறந்ததும் தலைமையாசிரியரைப் பாருங்கள். எந்தக் கிழமை, எத்தனை மணி, எந்த மாதம்வரை என்பதை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். என்ன சொல்லித்தரலாம் என்பதை அவரிடம் கேளுங்கள். ‘மூன்றாம் வகுப்பில் நாலு பேருக்கு வாசிப்பு வரவில்லை’ என்பார். அந்த நாலு பேரைப் பொறுப்பெடுத்துக்கொள்ளுங்கள்.