நரம்பு வெறும் கம்பி அன்று

நரம்பு என்றதும் தந்திக் கம்பியை உவமை சொல்வது நம் வகுப்பறை வழக்கம். மின்துடிப்பு ஓடுகிறது, தசை சுருங்குகிறது. தவறில்லை, ஆனால் இது பாதிக் கதை. மீதியைச் சொல்லாததால்தான் பௌதிகம் விரும்பும் மாணவர்கள் நரம்பை உயிரியலார் சொத்து என்று ஒதுக்கிவிடுகிறார்கள் என்பது என் கருத்து.

கம்பிக்கு உணவு வேண்டாம். நரம்புச் செல்லுக்கு வேண்டும். உங்கள் பாதத் தசையை இயக்கும் செல்லின் உடல் தண்டுவடத்தில் இருக்கிறது. ஆக்ஸான் எனும் அதன் இழையோ ஏறக்குறைய 1 மீட்டர் நீளம். புரதங்களில் பெரும்பாலானவை செல்லின் உடலில்தான் தயாராகின்றன. அவை பாதம் வரை எப்படிப் போகின்றன?

நீரில் மைத்துளி போலத் தானே பரவிப் போகுமோ? கணக்குப் போடுவோம். பரவும் நேரம் தொலைவின் வர்க்கத்துக்கு ஏற்ப வளரும். சாதாரணப் புரதம் ஒன்று செல்லுக்குள் 1 மைக்ரோமீட்டர் பரவ 0.05 விநாடி போதும். 1 மில்லிமீட்டருக்குச் சுமார் 14 மணி. 1 மீட்டருக்கு? ஏறத்தாழ 1,600 ஆண்டுகள்!

ஆகவே சுமந்து செல்ல ஆள் தேவை. 1985இல் ரொனால்ட் வேல், தாமஸ் ரீஸ், மைக்கேல் ஷீட்ஸ் ஆகியோர் கணவாயின் நரம்புத் திசுவை ஆராய்ந்து கைனசின் என்ற புரதத்தைக் கண்டறிந்தனர். ஆக்ஸானுக்குள் தண்டவாளம் போலக் கிடக்கும் நுண்குழல்கள் மேல், சரக்குப் பையைச் சுமந்தபடி, இது உண்மையாகவே கால் மாற்றி நடக்கிறது! ஓரடி 8 நானோமீட்டர்; அடிக்கு ஓர் ஏ.டி.பி. மூலக்கூறு செலவு. விரைவுச் சரக்கு நாளொன்றுக்கு 400 மில்லிமீட்டர் வரை போகும்; மீட்டரைக் கடக்க இரண்டரை நாள். திரும்பும் சுமைக்கு டைனீன் என்ற வேறொரு புரதம். 1993இல் அந்த 8 நானோமீட்டரை அளந்த கருவி லேசர் ஒளியாலான இடுக்கி. அதை உருவாக்கிய ஆர்தர் ஆஷ்கினுக்கு 2018இல் கிடைத்தது பௌதிக நோபல் பரிசு, மருத்துவப் பரிசு அன்று.

தண்டவாளம் பழுதானால்? நித்தியகல்யாணிச் செடியிலிருந்து எடுக்கும் வின்கிரிஸ்டின் ஒரு புற்றுநோய் மருந்து. நுண்குழல் உருவாவதைத் தடுத்து, செல் பிரிவதை நிறுத்துகிறது. ஆனால் நரம்பையும் அது விடுவதில்லை. கால்விரல், கைவிரல் நுனிகள்தாம் முதலில் மரத்துப்போகின்றன. மிக நீண்ட ஆக்ஸான்கள் முடியும் இடங்கள் அவை.

கைனசின் வகை ஒன்றின் மரபணுப் பிழை, கால்கள் விறைத்துப்போகும் பரம்பரை நோய் ஒன்றுக்குக் காரணம் என்று 2002இல் தெரிந்தது. அதே மரபணுவின் வேறு பிழைகள் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் ஏ.எல்.எஸ். நோயிலும் இருப்பது 2018இல் வெளிவந்தது. அல்சைமர் நோயிலோ, நுண்குழலை ஒட்டியிருக்க வேண்டிய டௌ புரதம் கழன்று சிக்குப் பிடித்துக் கிடக்கிறது. அங்கே போக்குவரத்து தடைப்பட்டது நோயின் காரணமா, விளைவா? விஞ்ஞானிகள் இன்னும் வாதிடுகின்றனர். வாதம் முடிய வேண்டுமானால், உயிருள்ள ஆக்ஸானில் எந்தச் சரக்கு, எப்போது, எவ்வளவு வேகம் குறைந்தது என்று அளந்தாக வேண்டும். பதினோராம் வகுப்பில் கணிதமா, உயிரியலா என்று உங்களை இரண்டாகப் பிரித்துவிட்டால் அந்த அளவீட்டை யார் செய்வது?